மூடிய கையைத் திறக்க முயன்ற வரலாறு

கையைக் கொண்டு நம் மொழியில் வழங்கும் தொடர்கள் எண்ணிறந்தவை. கைகொடுத்தல், கைவிடுதல், கைகூடுதல், கைம்மாறு, கைப்பொருள் என அவை நீண்டு செல்லும். மருத்துவ நூல் எதையும் பயிலாத நம் மக்கள் கையின் நோயைக் குறிக்க வழங்கும் இரண்டு சொற்றொடர்கள் மட்டும் அறிஞர் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை. ஒருவர்க்குத் திடீரென்று மூளையில் ஊறு நேர்ந்து ஒரு பக்கம் செயலற்றுப் போனால், முதலில் ‘கை விழுந்துவிட்டது’ என்பார்கள். சில வாரங்களோ திங்களோ கழிந்தபின் அதே மனிதரைப் பற்றிக் ‘கை இழுத்துக்கொண்டது’ என்பார்கள். முதலிற் கூறியது துவண்டு தொங்கும் கை; பின்னர்க் கூறியது மடங்கி, இறுகி, விரல்கள் உள்ளங்கைக்குள் புதைந்து நிற்கும் கை. பாரிசவாயு என்ற ஒரே பெயருக்குள் அடங்கிய இவ்விரு நிலைகளும் வெவ்வேறானவை என்பதை மேனாட்டு மருத்துவ நூல்கள் தெளிவுபடப் பிரித்துரைத்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். இரண்டாம் நிலையாகிய அவ்விறுக்கத்தை நீக்கிக் கைக்கு மீண்டும் இயக்கம் தர மனிதர் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாற்றையே ஈண்டுக் கூற எடுத்துக்கொண்டோம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இவ்வரலாறு ஏன் என்று நேயர்கள் வினவலாம். நாம் வாழும் பெங்களூரில், அல்சூருக்கு அண்மையில் ஜோகுபாளையம் என்னும் பகுதி உள்ளது. 1809-இல் ஆங்கிலேயர் இந்நகரில் படைவீடு அமைத்த காலந்தொட்டு அதனைச் சுற்றிலும் தமிழர் குடியேறினர். சென்னைப் படையின் சுரங்கப் பொறியாளர் பிரிவும் இங்கேயே நிலைகொண்டது. சிப்பாய், கொத்தனார், தச்சர், சலவைத் தொழிலாளர், தையற்காரர், பெயிண்டர் என வந்தவர் யாவரும் கையை நம்பி வந்தவரே. நிலமும் வீடும் ஊரில் உள்ளவர்க்குக் கை முடங்கினால் பாதி வாழ்வேனும் எஞ்சும். கூலியை நம்பிப் பிற மாநிலம் வந்தவர்க்கு அது முழு வாழ்வு. இத்தகைய தெருக்களில் இன்று ஒரு கை மார்போடு மடங்கிய மனிதர் ஒருவரையேனும் காணாமல் கடத்தல் அரிது. சிலர் இரத்தக் கொதிப்பால் மூளைக் குழாய் அடைபட்டவர். சிலர் சாரத்திலிருந்து விழுந்தவர். சிலர் தலைக்கவசம் இன்றி இருசக்கர வண்டியில் சென்றவர்.

இறுக்கம் எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் சுருங்கக் காண்போம். மூளையின் மேற்புறணியிலிருந்து கைக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பிழைகள் முகுளத்தில் மறுபக்கம் கடந்து, தண்டுவடத்தின் வழியே இறங்குகின்றன. ஆதலின் இடப்பக்க மூளை ஊறுபட்டால் வலக்கை விழுகிறது. தண்டுவடமோ மூளையின் ஏவலை மட்டும் எதிர்பார்த்து வாளா இருப்பதன்று. தசையொன்று சட்டென இழுபட்டால், அச்செய்தி உணர்வு நரம்பின் வழித் தண்டுவடத்தை அடைந்து, அங்கிருந்தே ‘சுருங்கு’ என்னும் ஆணை தசைக்குத் திரும்பிவிடும். முழங்காற் சிரட்டைக்குக் கீழே வைத்தியர் சிறு சுத்தியால் தட்டும்போது கால் துள்ளுவது இதனாலேயே. நல்ல நிலையில் மூளை இவ்வனிச்சைச் செயலை ஓயாமல் அடக்கி வைத்திருக்கிறது. மூளையின் பிடி தளர்ந்தால், கடிவாளம் அறுந்த குதிரைபோல் அது தன்போக்கில் ஓடத் தொடங்கும். கையைப் பொறுத்தவரை நீட்டும் தசைகளைக் காட்டிலும் மடக்கும் தசைகளே ஓங்குவது பெரும்பான்மை. தோள் உடலோடு ஒட்டும், முழங்கை மடியும், மணிக்கட்டு குனியும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் புகும். ஆஸ்திரேலிய நரம்பியல் அறிஞர் ஜேம்ஸ் லான்ஸ் 1980-இல் வகுத்த இலக்கணம் ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். இவ்விறுக்கம் வேகத்தைப் பொறுத்தது. கையை விரைந்து இழுத்தால் மிகுதியாக எதிர்க்கும், மெல்ல இழுத்தால் ஓரளவு இணங்கும் என்பது அதன் சாரம். மெல்ல இழுத்தும் சற்றும் இணங்காத கையில் தசையும் நாணுமே குறுகிப் போயிருக்கக்கூடும். நரம்பின் குற்றமாகிய இறுக்கம் மருந்துக்கு அடங்கலாம். தசையே குறுகிய முடக்கத்தை எம்மருந்தும் நீட்டாது. இவ்வேறுபாட்டை நேயர்கள் நினைவிற் கொண்டால் இனி வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

மொழிபெயர்ப்பாளர் என்னும் முறையில் ஒரு சொல். மைய அரசு அலுவலகத்தில் நம் மேசைக்கு வரும் நலவாழ்வுத் துறைத் தாள்களில் இந்நிலைக்கு விறைப்பு, இறுக்கம், கடினத்தன்மை, முறுக்கம் என நான்கு சொற்கள் நான்கு இடங்களில் ஆளப்பட்டிருக்கக் கண்டோம். விறைப்பு என்பது பிணத்தையும் குளிரையும் நினைவூட்டுவது. கடினத்தன்மை மரத்திற்கும் கல்லுக்கும் உரியது. இறுக்கம் என்பதே ஓரளவு பொருந்துமென்று நாம் கருதினாலும், தெருவில் வழங்கும் ‘இழுப்பு’ என்ற சொல்லில் உள்ள உயிர் அதில் இல்லை. எதுவோ ஒன்று உள்ளிருந்து இழுக்கிறது என்பதை அச்சொல்லே கூறிவிடுகிறது.

மேனாட்டில் இத்துறையின் முதற்பெயராக இலண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டிலைக் கூறுவர். அவர் தாமே இளமையில் நோயுற்றுக் கால் வளைந்தவர். செருமனியில் ஸ்ட்ரோமயர் என்னும் அறுவை மருத்துவர் 1836-இல் அவருடைய காலின் நாணைத் தோலடியிலேயே வெட்டி நேர்ப்படுத்தினார். குணமடைந்து நாடு திரும்பிய லிட்டில், அக்கலையைத் தம் நாட்டில் பரப்பியதோடு, பிறப்பின்போது மூளை ஊறுபட்டுக் கைகால் இறுகிய குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார். 1862-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. நாணை வெட்டினால் அங்கம் நேராகும் என்பது அன்று பெரிய புதுமை. ஆயினும் காலுக்குப் போதுமான அவ்வைத்தியம் கைக்குப் போதவில்லை. கால் நேராக நின்றால் ஊன்றி நடக்கலாம். கையோ நேராக நின்றால் மட்டும் பயனில்லை, பற்றவும் விடவும் வேண்டும்.

அடுத்து வருவோர் இருவர். ஆங்கில உடலியலறிஞர் ஷெரிங்டன், 1898-இல், பெருமூளையின் தொடர்பு துண்டிக்கப்பட்ட பூனையின் கால்கள் இறுகி நிற்பதையும், உணர்வு நரம்பின் வேர்களை வெட்டினால் அவ்விறுக்கம் அகல்வதையும் எடுத்துக் காட்டினார். பிற்காலத்தில், 1932-இல், நோபல் பரிசு பெற்றவர் அவர். பூனையில் கண்டதை மனிதரில் செய்யத் துணிந்தவர் அன்று செருமனியைச் சேர்ந்திருந்த பிரெஸ்லவு நகரின் ஓட்ஃபிரீட் ஃபோர்ஸ்டர். 1908-இல் தண்டுவடத்தின் பின்வேர்களைத் தேர்ந்து வெட்டி இறுக்கம் தணிக்கும் முறையை அவர் வெளியிட்டார். வலக்கை வலக்கால் செயலிழந்து பேச்சும் இழந்த லெனினுக்கு இறுதிவரை வைத்தியம் பார்த்த மருத்துவருள் இவரும் ஒருவர் என்பது வரலாற்றின் ஒரு வியப்பு. ஒரு பேரரசைக் கவிழ்த்தவரின் கையைத் திறக்க உலகின் தலைசிறந்த நரம்பு வைத்தியராலும் இயலவில்லை.

ஃபோர்ஸ்டரிடமும் ஷெரிங்டனிடமும் பயின்ற மாணவர் ஒருவர், கனடாவின் மான்ட்ரியல் நகரில் நரம்பியல் நிலையம் கண்ட வைல்டர் பென்ஃபீல்டு. பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றவர் கேரளத்தில் பிறந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி. இவர் 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை நிறுவினார். ஆக்ஸ்ஃபோர்டிலும் பிரெஸ்லவிலும் ஊறிய ஊற்று மான்ட்ரியல் வழியாகப் பாலாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது எனலாம். 1952-இல் குழந்தைப் பருவத்திலேயே வலப்பக்கம் செயலிழந்து, ஓயாத வலிப்பாலும் வருந்திய 19 வயது இளைஞர் ஒருவர்க்குச் சாண்டி மூளையில் அறுவை செய்தார். வலிப்பை நிறுத்துவதே அதன் நோக்கம். முடங்கிய கைக்காகச் செய்யப்பட்டதன்று. எனினும், முடங்கிய பக்கத்தின் மூளையைக் கண்ணால் கண்டு ஆராயும் காலம் நம் நாட்டில் அன்று பிறந்தது.

சென்னையில், 1950-ஆம் ஆண்டு, பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி நரம்பு அறுவைப் பணியைத் தொடங்கினார். சீர்காழியில் பிறந்த இவர் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், தலைக்காயங்களைப் பற்றிய நூலால் பெயர்பெற்ற ரோபோதமிடம் பயின்றவர். இவர் வளர்த்த குழுவில் டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும், உலகில் இத்துறை புகுந்த முதற் பெண்மணிகளுள் ஒருவராகிய டாக்டர் டி.எஸ். கனகாவும் இருந்தனர். மண்டையோட்டின் மீது ஒரு சட்டகத்தைப் பொருத்தி, அளவைக் கணக்கிட்டு, மூளையின் ஆழத்திலுள்ள சிறு புள்ளிக்கு மெல்லிய ஊசியைச் செலுத்தி அதனை மட்டும் அழிக்கும் முறையில் இவர்கள் கைதேர்ந்தவர்கள். பிறவியிலேயே மூளை ஊறுபட்ட குழந்தைகளின் இறுக்கத்திற்கும் இம்முறையைக் கையாண்டு, அதன் பயனை 1974-இல் அமெரிக்க நரம்பு அறுவை இதழில் வெளியிட்டனர். சென்னை அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கிடந்த ஏழைக் குழந்தைகளின் மருத்துவம் உலக அறிஞர்க்குப் பாடமாயிற்று. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. இறுக்கத்திற்காக மூளையின் ஒரு பகுதியை அழிக்கும் அவ்வகை அறுவைகள் பின்னர் உலகெங்கும் பெரும்பாலும் கைவிடப்பட்டன. இறுக்கம் தணிந்தாலும் அப்பயன் பலரிடம் நிலைக்கவில்லை. அழித்ததை மீட்கவும் வழியில்லை. துணிந்தவர்களின் பெருமை இதனாற் குறைந்துவிடாது. அவர்கள் துணிந்தபோது வேறு கருவிகள் பல பிறக்கவே இல்லை.

இதற்கு நேர்மாறான மற்றொரு மரபும் வேலூரிலேயே தோன்றியது. அங்கு டாக்டர் பால் பிராண்டு 1940-களின் இறுதியிலிருந்து தொழுநோயால் மடங்கிய கைகளுக்குத் தசைநாணை இடம் மாற்றித் தைத்து உயிர்ப்பூட்டி வந்தார். தொழுநோயாளியின் மூளை நலமாயுள்ளது, கையிலுள்ள நரம்பே இறந்தது. பாரிசவாயுவிலோ கையின் நரம்பு நலமாயுள்ளது, மூளையே ஊறுபட்டது. ஆகவே ஒன்றன் வைத்தியம் மற்றொன்றுக்கு அப்படியே பொருந்தாது. எனினும் பிராண்டு கண்ட உண்மை ஒன்று இரண்டிற்கும் பொது. அறுவை மேசையில் பாதி வேலையே முடிகிறது. மீதிப் பாதி, அதற்கு முன்னும் பின்னும் பல வாரங்கள் பயிற்சியாளர் அருகிலமர்ந்து அக்கைக்குப் புதிய வேலையைக் கற்பிப்பதில் உள்ளது.

அவருடைய மாணவி டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஊர்தி விபத்தொன்றில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையத்தைத் திறக்கக் காரணமாயிருந்தார். அதற்குமுன், உயிர் பிழைத்த நோயாளி ‘இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற சொல்லோடு அனுப்பப்படுவதே நம் நாட்டில் பெருவழக்கு. வீட்டில் எதைப் பார்த்துக்கொள்வது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்வாரில்லை. மேரி வர்கீஸின் நிலையம் அவ்விடைவெளியை நிரப்பிற்று. பெங்களூர்த் தமிழர் பலர் காட்பாடியில் இரயிலிறங்கி அவ்வளாகத்தை நாடிச் செல்லும் வழக்கம் இன்றும் உண்டு.

பெங்களூரின் கதை வேறு. 1847-இல் ஏற்பட்ட மனநோயாளர் இல்லம், 1925-இல் மைசூர் அரசு மனநோய் மருத்துவமனையாகி, 1954-இல் அதனோடு அனைத்திந்திய மனநல நிலையமும் அமைந்தது. 1974 டிசம்பர் 27 அன்று இரண்டும் இணைந்து நிம்ஹான்ஸ் என்னும் தேசிய நிலையமாயிற்று. இங்கு நரம்பு அறுவைத் துறையை வளர்த்தவரும் இயக்குநராக விளங்கியவரும் டாக்டர் ஆர். மார்த்தாண்ட வர்மா. நடுக்குவாதத்திற்கு, மண்டையோட்டைத் துளையாமல், முகத்தின் வழியே இயற்கைத் துளையொன்றில் ஊசி செலுத்தி வைத்தியம் செய்யும் எளிய முறையொன்றை அவர் வகுத்தார். விலையுயர்ந்த கருவியில்லா நாட்டின் அறிவுக்கூர்மை அது. ஓசூர்ச் சாலையில் உள்ள அந்நிலையத்திற்குக் கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்தும் நம் மக்கள் தலைக்காயத்தோடு வந்து சேர்கின்றனர். நரம்பியல் மறுவாழ்வுக்கென்று தனித் துறையும் அங்குண்டு. இவையன்றி, இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட என்.எஸ். ஹேமா அம்மையார் 1959-இல் தொடங்கிய மாற்றுத்திறனாளர் சங்கம் இலிங்கராசபுரத்தில் உள்ளது. ஜோகுபாளையத்திற்கு அடுத்த இந்திராநகரில், மூளை ஊறுபட்ட குழந்தைகளுக்கான கர்நாடக சங்கத்தின் பள்ளியும் மருத்துவக் கூடமும் உள்ளன. நடந்து செல்லும் தொலைவில் இருந்தும் அதனை அறியாத தமிழ்க் குடும்பங்கள் உண்டு என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறோம். பெயர்ப்பலகையைப் படித்தாலும் அது தம் பிள்ளைக்கு உரியது என்று தோன்றாமையே காரணம்.

மருந்துகளின் வரலாற்றுக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் 1962-இல் வலிப்பு நோய்க்கென்று ஒரு பொருளை ஆக்கினர். வலிப்புக்கு அது பெரிதும் உதவவில்லை, இறுக்கத்தைத் தணித்தது. அதுவே பாக்லோஃபென். இன்றும் முதலில் எழுதிக்கொடுக்கப்படும் மாத்திரைகளுள் அது ஒன்று. உடல் முழுவதும் பரவுவதால் இறுகிய கையோடு நல்ல கையையும் தளர்த்தும், தூக்கமும் வரும். நெடுநாள் உண்டபின் திடீரென்று நிறுத்தினால் பெருந்தீங்கு விளையும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். ஊருக்குப் போகையில் மாத்திரையை மறந்து செல்வோர் நம்மில் மிகுதி. அதே காலத்தில் ஃபீனால் என்னும் பொருளை நரம்பருகே ஊசிவழிச் செலுத்தி, அந்நரம்பைப் பல திங்கள் மந்தமாக்கும் முறையும் பரவியது. விலை மலிவு, கை தேர்ந்தவர் செய்ய வேண்டும், இடம் தவறினால் வலி நீடிக்கும்.

எல்லாவற்றிலும் விந்தையானது நஞ்சு மருந்தான கதை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்செருமனியில் கெட்டுப்போன இறைச்சிக் குழல்களை உண்டு பலர் கண்ணிமை தொங்கி, விழுங்கமாட்டாமல், மூச்சடங்கி மாண்டனர். யுஸ்டினஸ் கெர்னர் என்னும் மருத்துவர் இதனை ஆராய்ந்து எழுதினார், அவர் கவிஞரும்கூட. அந்நஞ்சு நரம்பின் ஏவல் தசைக்கு எட்டாமல் தடுக்கிறது என்பதை உணர்ந்ததோடு, மிகச் சிறிய அளவில் அது மருந்தாகவும் கூடும் என்று முன்னுரைத்தார். 1895-இல் பெல்ஜியத்தின் எல்செல் என்னும் சிற்றூரில், சாவு ஊர்வலமொன்றில் வாத்தியம் வாசித்த இசைக்குழுவினர் பதப்படுத்திய பன்றியிறைச்சியை உண்டு நோயுற்றனர், மூவர் இறந்தனர். அவ்விறைச்சியிலிருந்து வான் எர்மெங்கம் என்னும் அறிஞர் அந்நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து 1897-இல் வெளியிட்டார். முக்கால் நூற்றாண்டு கழிந்தபின், சான்ஃபிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணைத் திருத்த அந்நஞ்சின் நுண்ணளவைக் கண் தசையில் செலுத்தி வெற்றி கண்டார். 1989-இல் தாசு, பார்க்கு என்னும் இருவர் இங்கிலாந்தில் பக்கவாதமுற்ற 6 பேரின் இறுகிய கையில் அதனைச் செலுத்தி இறுக்கம் குறைந்ததை அறிவித்தனர். அமெரிக்க அரசு 2010-இல் கை இறுக்கத்திற்கு இதனை முறைப்படி ஏற்றது.

பொட்டுலினம் எனப்படும் இம்மருந்து தேர்ந்த தசையை மட்டும் தளர்த்துவது. பயன் ஏறக்குறைய 3 அல்லது 4 திங்கள் நிற்கும். பின்னர் மீண்டும் ஊசி வேண்டும். விலையோ கூலிக்காரர் எட்டும் உயரத்தில் இல்லை. அவ்விலைக்கு ஈடாக என்ன கிடைக்கிறது? இங்கிலாந்தில் 333 பேரைக் கொண்டு நிகழ்ந்து 2010-க்கும் 2011-க்கும் இடையே வெளிவந்த பேராய்வு நடுநிலையான விடை தருகிறது. ஊசி பெற்றவர்க்கு இறுக்கம் தணிந்தது. உள்ளங்கையைக் கழுவுதல், சட்டைக்கையை நுழைத்தல் முதலிய சிறு காரியங்கள் எளிதாயின. ஆயினும் கையைத் தாமே பயன்படுத்தும் திறன், ஊசியின்றிப் பயிற்சி மட்டும் பெற்றவரினும் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. இறுக்கம் நீங்குவது வேறு, இயக்கம் திரும்புவது வேறு என்பதே இதன் பொருள். கதவின் பூட்டைத் திறந்துவிட்டாலும் உள்ளிருப்பவர் எழுந்து நடந்தாலன்றோ வெளியே வருவார்.

இதனைக் கொண்டு ஊசி வீண் என்று கொள்ளுதல் தவறு. ஜோகுபாளையத்தில் நமக்குத் தெரிந்த பெயிண்டர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து மூன்றாண்டுகள் வலக்கை மூடியே இருந்தார். நகம் வளர்ந்து உள்ளங்கையைத் துளைத்தது. புண்ணின் நாற்றத்தைக் காட்டிலும் அவரை வருத்தியது வேறொன்று. இடக்கையால் உண்ண நேர்வதால் திருமணப் பந்தியில் அமர மறுத்தார்; உறவினர் அழைத்தால் மொய்யை மனைவியிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்தார். ஊசி போட்டபின் அவர் கை பற்றவில்லை, ஆனால் திறந்தது, புண் ஆறிற்று, அம்மையார் இரண்டு நிமிடத்தில் கையைக் கழுவித் துடைக்க முடிந்தது. அளவுகோலில் இது சிறு எண். பத்துக்குப் பத்தடி வீட்டில் அதன் மதிப்பை அவ்வீட்டாரே அறிவர்.

இயக்கத்தைத் திரும்பப் பெறும் வழி எது? பெர்லினிலிருந்து இலண்டனுக்குப் புலம்பெயர்ந்த பெர்டா போபாத் அம்மையாரும் அவர் கணவரும் 1940-களிலிருந்து வகுத்த பயிற்சி முறை நம் நாட்டு இயன்முறைக் கூடங்களிலும் வேரூன்றியது. இறுகிய அங்கத்தைப் பொருத்தமான நிலையில் வைத்து, இயல்பான அசைவைக் கையால் வழிநடத்துவது அது. பிறமுறைகளைவிட அது சிறந்தது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. மற்றொரு வழியை அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்டு டாப் கண்டார். கையின் உணர்வு நரம்பு துண்டிக்கப்பட்ட குரங்கு அக்கையை அறவே மறந்துவிடும். நல்ல கையைக் கட்டிப்போட்டாலோ, மறந்த கையைக் கொண்டே தீனியை எடுக்கும். மனிதரும் அப்படியே தம் கையைப் ‘பயன்படுத்தாமலிருக்கக் கற்றுக்கொள்கின்றனர்’ என்பது அவர் முடிபு. நல்ல கைக்கு உறையிட்டு, நலிந்த கையை நாள்தோறும் பல மணி நேரம் வேலை வாங்கும் இம்முறையை 222 பேரிடம் சோதித்து 2006-இல் வெளியிட்டனர். பயன் தெளிவாகத் தெரிந்தது. மணிக்கட்டையும் விரலையும் சிறிதேனும் தாமாக நிமிர்த்த வல்லவர்க்கே இது பொருந்தும் என்ற வரையறையும் உண்டு.

நம் இல்லங்களில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. நோயுற்றவர் தம்ளரை நோக்கிக் கையை நகர்த்துமுன் மகளோ மருமகளோ ஓடிவந்து எடுத்துக் கொடுத்துவிடுகின்றனர். அன்பின் மிகுதியால் அக்கைக்கு நாள் முழுதும் வேலையே இல்லாமற் போகிறது. அதே வீட்டில், முதல் வாரங்களில், துவண்ட கையைத் தோளோடு பிடித்து இழுத்துத் தூக்குவதும் நிகழ்கிறது. தோள்மூட்டு நழுவி வலி புகுந்தால், அவ்வலியே இறுக்கத்தை மேலும் தூண்டும். எண்ணெய் தேய்ப்பதில் நமக்கு மறுப்பில்லை. தேய்க்கும் கை மென்மையாக இருந்தால் சுகமும் உண்டு. ஆனால் மூடிய விரலை வலிந்து பிரித்து ‘நரம்பெடுத்து’ விடுவோம் என்பாரிடம் கையை ஒப்படைப்பது ஆபத்து. மெல்ல, நெடுநேரம் நீட்டிவைத்தலும், இரவில் சிம்பு வைத்து விரல்களைத் தாங்குதலும், தலையணையால் முழங்கையை ஏந்துதலும் தசை குறுகாமல் காக்கச் செய்யப்படுபவை. எந்தக் கைக்கு எது பொருந்தும் என்பதை இயன்முறையாளர் தொட்டுப் பார்த்தே சொல்ல வேண்டும்.

தசை முற்றும் குறுகியபின் நாணை நீட்டியோ இடம் மாற்றியோ அறுவை செய்கின்றனர். லிட்டிலின் காலத்துக் கத்தி நுட்பமடைந்து திரும்பி வந்தது போலும். 1912-இல் ஸ்டாஃபெல் என்னும் செருமானியர் கூறிய கருத்தொன்றும் புத்துயிர் பெற்றுள்ளது. தசைக்குள் நுழையும் நரம்புக் கிளைகளில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி, வலிமையை விட்டுவைத்து இறுக்கத்தைக் குறைப்பது அது.

அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்பட்டது ஷாங்காய் நகரின் ஹுவாஷான் மருத்துவமனையிற் செய்த அறுவை. கழுத்திலிருந்து ஒவ்வொரு கைக்கும் ஐந்து நரம்பு வேர்கள் செல்கின்றன. அவற்றுள் நடுவிலுள்ள ஏழாம் வேரை இழந்தாலும் பிற வேர்கள் அதன் வேலையைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். 1986-இல் அங்குள்ள கு யூதோங் என்னும் அறுவை மருத்துவர், விபத்தில் நரம்பறுந்த கைக்கு எதிர்ப்பக்கத்து ஏழாம் வேரை இணைத்துக் காட்டினார். அவர் வழிவந்த சூ வெண்டோங் குழுவினர் அதனையே மூளை ஊறுபட்டோர்க்குச் செய்தனர். ஊறுபட்ட மூளைக்கும் கைக்கும் இடையே இருந்த பழைய பாதையைச் செப்பனிடுவதை விட்டு, நலமுற்ற மூளையிலிருந்து நல்ல கைக்குச் செல்லும் வேரை வெட்டிக் கழுத்தின் குறுக்கே செலுத்தி முடங்கிய கையோடு தைத்தனர். 5 ஆண்டுகளுக்கு மேல் ஒரு கை செயலிழந்திருந்த 36 பேரைத் தேர்ந்து, 18 பேருக்கு அறுவையும் பயிற்சியும், 18 பேருக்குப் பயிற்சி மட்டும் அளித்து, ஓராண்டு கழித்து அளந்து 2018-இல் வெளியிட்டனர். கைத்திறனை 66 புள்ளிகளால் அளக்கும் அளவையில் அறுவை பெற்றவர் சராசரி 17.7 புள்ளியும், பெறாதவர் 2.6 புள்ளியும் உயர்ந்தனர். வேரை வெட்டியதால் இறுக்கமும் தணிந்தது. இறுக்கமும் இயக்கமும் ஒருசேரத் திருந்தியது இதில்தான். ஒருபக்க மூளையே இரு கைகளையும் ஆளக் கற்றது என்பது மூளைப் படங்களில் தெரிந்தது.

நல்ல கையில் சில திங்கள் விரல் மரப்பும் தளர்ச்சியும் இருந்தன. பெரும்பாலும் பின்னர் நீங்கின. தேர்ந்தெடுக்கப்பட்டவர் பலர் இளவயதினர். முதியோர்க்கும், மூளையின் இருபுறமும் ஊறுபட்டோர்க்கும் இது பொருந்துமெனக் கொள்ளலாகாது. அவ்வாய்வில் புள்ளிகளோடு நான்கு வீட்டுக் காரியங்களையும் நோயாளரிடம் செய்யச் சொல்லிப் பார்த்தனர். உடை அணிதல் ஒன்று. காலணியின் கயிற்றைக் கட்டுதல் ஒன்று. கைப்பேசியை இயக்குதல் ஒன்று. ஈரத் துண்டொன்றை இரு கைகளாலும் பற்றிப் பிழிதல் மற்றொன்று.